அப்பா பாடாத பாட்டு

பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் சிறிய மாதா கோயிலில் அப்பாதான் உபதேசியார். சாமியார் ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்றபடி ஜெபம், ஞானோபதேசம், சாவு, சண்டை எல்லாம் அப்பா தலையில்தான்.

அறுபதுகளில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது. சாமியார் எங்களைப் பார்த்து நிற்கும்படி பீடத்தைத் திருப்பிப் போட்டதற்குக்கூட யாரும் முணுமுணுக்கவில்லை. சாவுக்குப் பாடும் லத்தீன் பாட்டு நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. எங்களில் ஒருவருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. ஆனாலும் அதைப் பாடிச் சவத்தை வைத்த தூம்பாவைத் தூக்கினால்தான் செத்தவர் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு நிம்மதி.

அதை உருகிப் பாடியவரே அப்பாதான். அவரே வீடு வீடாகப் போய், "நமக்கு விளங்குற மாதிரி வேண்டுனா ஆண்டவருக்குக் கேக்காதா?" என்று சமாதானம் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரர் இறந்தபோது அவர் மனைவி அப்பாவின் காலில் விழாத குறை. "இவுகளுக்கு மட்டும் பாடிருங்கய்யா."

"ஆளுக்கொரு சட்டம் வச்சுக் கோயில் நடத்த முடியாது தாயி" என்றுவிட்டார் அப்பா.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. காரைக்குடி ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அம்மா சொன்னாள்: "எங்க அய்யாவுக்குப் பாடுனீகல்ல, அதையே எனக்கும் பாடுவீகளா?"

அப்பா சரி என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அம்மாவைக் கோயிலில் கிடத்தியபோது சாமியாரே அப்பாவிடம் வந்தார். அம்மாவின் ஆசையை அவரிடம் நான்தான் அழுதுகொண்டே சொல்லியிருந்தேன். "பாடுங்க உபதேசியாரே, நான் ஒண்ணும் சொல்லல" என்றார் சாமியார்.

அப்பா எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்தார். "அன்னைக்கு அவுகளுக்கு இல்லேன்னுட்டேன் சாமி."

அந்த அம்மா எழுந்து வந்து, "நான் மனசுல வச்சுக்கல. பாடுங்கய்யா, பாவம் அவுக" என்று கெஞ்சினார்.

அப்பா தலையை ஆட்டிவிட்டுத் தமிழ்ப் பாட்டைத் தொடங்கினார். அவர் குரல் நடுங்கவே இல்லை. நான் சேர்ந்து பாடவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது, உபதேசியார் என்றால் இப்படி நியாயமாக இருக்க வேண்டும் என்று ஊரே மெச்சியது. அவர் செய்தது சரி என்று எனக்கும் இப்போது புரிகிறது. ஆனாலும் ஆறவில்லை. அம்மா உபதேசியாரிடம் கேட்கவில்லை, தன் புருஷனிடம்தான் கேட்டாள்.