பூட்டக்காவின் பிடி

பேண்டுகள் வாசிக்கிற அந்த நிலவறைக் கிளப்பின் வாசலில் காவல் நிற்கிற பெண்ணைப் பூட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் யாரையும் அடித்ததில்லை. மணிக்கட்டைப் பிடிப்பாள், முதுகுப் பக்கம் மடக்குவாள், பூட்டிவிடுவாள். அதற்குமேல் எப்பேர்ப்பட்ட முரடனும் வாலைச் சுருட்டிக்கொண்டு படியேற வேண்டியதுதான். சந்தையில் மூட்டை தூக்கிய காலத்தில் கற்றுக்கொண்ட வித்தை. குடித்துவிட்டுக் கை நீட்டிய புருஷனிடம்தான் முதலில் அதைக் காட்டினாள். அவன் அத்தோடு ஊரைவிட்டே போனான்.

வாசலுக்கு அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: முதலில் அடித்தவன் வெளியே. யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்க மாட்டாள். மேடைக்கு முன்னால் பையன்கள் முட்டி மோதி ஆடுவதைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குக் கொலை நடப்பதுபோல் இருக்கும். அவள் கைகளை மட்டும் கவனிப்பாள். விரல்கள் விரிந்திருந்தால் ஆட்டம், மூடினால் சண்டை.

அன்றைக்கு வாசித்தவை எல்லாம் உள்ளூர் பேண்டுகள். கடைசி பேண்டில் கிடார் அவள் தம்பி. அம்மா போன பிறகு அவளே இடுப்பில் சுமந்து வளர்த்தவன். பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிடும் கம்பெனிக்காரர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் பேண்டை ஊர் ஊராகக் கூட்டிப்போவார். தம்பிக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

"அந்தப் பழைய ஆள உள்ள விடாதக்கா" என்றான். தனக்கு முன்னால் இதே பேண்டில் கிடார் வாசித்தவனைச் சொன்னான். அவனைக் கழட்டிவிட்டுத்தான் தம்பியைச் சேர்த்திருந்தார்கள்.

"டிக்கெட் வாங்கிருக்கான்டா. கை ரெண்டும் சும்மா தொங்குது. எதச் சொல்லி நிறுத்த?"

"அவன் வாய் சும்மா இருக்காதே."

"வாய்க்கெல்லாம் என்கிட்ட பூட்டு இல்ல. போய் வாசி."

முதல் பாட்டுக்குக் கூட்டம் துள்ளியது. இரண்டாவது பாட்டு தொடங்கியதும் பழைய ஆள் மேடையை ஒட்டி வந்து கத்தினான். "டேய், இது நான் போட்ட மெட்டு! அக்கா கதவப் புடிச்சா தம்பி கிடாரப் புடிக்கலாமா?"

சிரிப்பு கிளம்பியது. தம்பி கிடாரைக் கழற்றி வைத்தான். மைக் மாட்டியிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு கீழே குதித்தான்.

முதல் அடி மூக்கில் விழுந்தது. ரத்தம் ஸ்பீக்கர்மேல் தெறித்தது. இரண்டாவது அடி தோளில். பழைய ஆள் சுருண்டு விழுந்தான். அவன் சிநேகிதர்கள் பாட்டில்களை உடைத்துக்கொண்டு பாய்ந்தார்கள். பூட்டக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். யாருடைய முழங்கையோ அவள் உதட்டைக் கிழித்தது. தம்பி இரண்டு கையாலும் கம்பியைத் தலைக்குமேல் ஓங்கியிருந்தான். இந்த அடி மண்டையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவன் இடது மணிக்கட்டைப் பிடித்து மடக்கினாள். சின்ன வயதில் விளையாட்டாக அவனை எத்தனையோ தடவை அப்படிப் பூட்டியிருக்கிறாள். தோளை இறக்கி உள்பக்கம் திரும்பினால் நழுவிவிடலாம் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதனால் மற்றவர்களுக்குக் கொடுக்காத ஒரு அழுத்தம் கூடுதலாகக் கொடுத்தாள். அதே நொடியில் அவன் திரும்பினான்.

காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது.

"அக்கா... விடுக்கா!"

வாசலைத் தாண்டும்வரை அவள் விடவில்லை.

வெளிப்படியில் அவனை உட்காரவைத்துத் துப்பட்டாவால் கையைக் கட்டினாள். தந்தியை அழுத்துகிற கை. புசுபுசுவென்று வீங்கிக்கொண்டிருந்தது.

"நான் உன் தம்பிக்கா."

"வேற ஆளா இருந்தா ஒடஞ்சிருக்காதுடா."

உள்ளே கூச்சல் அடங்கி டிரம் தொடங்கியது. அவள் எட்டிப் பார்த்தாள். பழைய ஆள் மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு தம்பியின் கிடாரை மாட்டியிருந்தான். கம்பெனிக்காரர் இருக்கையைவிட்டு அசையவில்லை.

"யாரு வாசிக்கிறது? அவனா?"

"எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இந்தப் பாட்டு முடியட்டும்."

அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள். உள்ளே ஏதோ பாட்டில் உடைந்தது. யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.