அவுக பேரு

பக்கவாதத்தில் விழுந்த என் அப்பாவைக் காரைக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு, கண்டாங்கிச் சேலை, ஒரு நிமிடமும் சும்மா இருக்காத கைகள். கணவருக்கும் அதே நோய்தான். கண் திறந்திருந்தும் பார்வை எதிலும் நிற்கவில்லை. உணர்ச்சியைத் தூண்ட டாக்டர் சொன்னதையெல்லாம் அந்த அம்மா விடாமல் செய்தார். மரத்துப்போன கையில் தேங்காய் நாரால் தேய்ப்பார், ஈரத்துணியை வைப்பார், மூக்கருகே காப்பித்தூளைக் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் பிறகு கணவரின் முகத்தையே பார்ப்பார். நானும் பயத்தோடு பார்ப்பேன். அந்த மனிதர் அசைந்தால் அப்பாவும் அசைவார் என்று எனக்கொரு கிறுக்கு நம்பிக்கை.

ஒருநாள் நர்ஸ், "காதுல பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா" என்றார்.

அந்த அம்மா பதறிப்போனார். "ஆத்தாடி! நான் பேரச் சொன்னா அவுக ஆயுசுல்ல கொறையும்!" பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க கூப்பிடுறீகளா?"

"பேரு என்னம்மா?"

"அரியக்குடிப் பெருமாள் பேருதான்."

நான் குனிந்து, "திருவேங்கடம் ஐயா!" என்று கூப்பிட்டேன். இமைகூட அசையவில்லை.

"ஒங்க குரலு அவுகளுக்குப் பழக்கமில்லையில்ல" என்றார், என்னைத் தேற்றுவதுபோல.

மறுநாள், இனிச் செய்ய ஒன்றுமில்லை, அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரோடு வாசலைத் தாண்டும்போது பின்னால் அந்தப் பெயர் கேட்டது. திரும்பினேன். தாலியை உள்ளங்கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டு, அந்த அம்மா கணவரின் காதில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் அசைந்தாரா என்று நின்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.