உருண்டை பின் கீபோர்டும் தெருவுக்கு வராத தண்ணீரும்

சான்றிதழ் அலுவலகத்தில் பிறப்பை முதல் நோட்டிலும் இறப்பை இரண்டாவது நோட்டிலும் ஒரே மேசையில் பதிவு செய்யும் எழுத்தர் அவர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், வீட்டுக்கு நேரத்தோடு வந்துவிடுவார். மனைவியின் துரதிர்ஷ்டமே அதுதான். குடிகாரன் பெண்டாட்டி என்றால் உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டவாவது வருவார்கள். பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு சேர்ப்பவனின் பெண்டாட்டிக்காக யார் உச்சுக்கொட்டுவார்கள்?

மொத்தம் நாற்பத்தொரு கீபோர்டுகள். கட்டிலுக்கடியில் பதினாறு, பீரோவில் துணிகளுக்கு நடுவே ஒன்பது. மீதியெல்லாம் மகளின் அறையில், அவள் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல், அதாவது அவள் படிக்கவே வழியில்லாமல், அடுக்கப்பட்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை நாள். எழுத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். காய்ந்ததும் மாட்டி, ஒவ்வொன்றையும் பதினோரு தடவை தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு நோட்டில் எழுதுவார்: "இருபத்திரண்டாம் நம்பர். எம், சத்தத்தில் சோர்வு." பெற்ற மகள் இருமினால்கூட அவர் இத்தனை கவனமாகக் கேட்டதில்லை.

ஒருநாள் அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் நின்றுபோனது. மூன்றாம் நாள் காலை தண்ணீர் வாரியத்தின் பெண் இன்ஜினியர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் குடங்களோடு பாதித் தெரு.

"சார், பம்ப் ஹவுஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. அதோட கீபோர்டு செத்துப்போச்சு. ஒயர் நுனில உருண்டை பின் வெச்சதுதான் அதுல ஏறும். எங்கயும் கிடைக்கல. பழைய இரும்புக் கடைக்காரர் உங்க வீட்டைக் காட்டினார்."

யாராவது கேட்டு வருவார்களா என்று பன்னிரண்டு வருஷம் காத்திருந்த முகம் அப்படித்தான் மலரும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். உங்களுக்கு எந்த மாதிரி ஸ்விட்ச் வேணும்? சத்தம் போடுறதா, மெத்துனு அமுங்குறதா?"

"தண்ணி வந்தா போதும் சார்."

உருண்டை பின் வைத்தவை ஏழு. ஏழையும் மேசைமேல் பரப்பி, முதலாவதைத் தட்டத் தொடங்கினார். ஒன்றரை மணி நேரத்தில் மூன்றாவதற்கு வந்திருந்தார். வாசலில் ஒரு குடம் நங்கென்று தரையில் வைக்கப்பட்டது. அடுக்களையிலிருந்து வந்த மனைவி, அன்று இன்னும் தட்டிப் பார்க்காத ஒன்றை உருவி இன்ஜினியர் கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போங்கம்மா. இவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள எல்லாரும் இவர் ஆபீஸ்ல பேர் எழுத வேண்டியதுதான். ரெண்டாவது நோட்டுல."

அரை மணியில் இன்ஜினியர் திரும்பி வந்தார். பம்பின் கடவுச்சொல்லில் 'கே' இருந்தது. அந்தக் கீபோர்டில் 'கே' செத்து ஆறு வருஷம். நோட்டில் தேதியோடு இருந்தது. எழுத்தர் அந்தப் பக்கத்தைத் திறந்து மனைவியின் முன்னால் வைத்தார். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

பிறகு அவரே ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குப் போனார். செருகினார், தட்டினார், தண்ணீர் வந்தது. ஆனால் கீபோர்டை விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை.

"வெச்சிட்டுப் போங்க சார்."

"இங்க டீ குடிக்கிறாங்க மேடம்."

ஆகவே தினமும் காலை ஆறு மணிக்கு அவர் கீபோர்டோடு ஸ்கூட்டரில் போய், பம்பை ஓட்டிவிட்டு, அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஊழியர்களின் டீ கிளாஸ்களையெல்லாம் வெளியே விரட்டினார். ஒன்பதாம் நாள் கீபோர்டின் மேல் டீ கொட்டியது. கொட்டியவரும் அவர்தான், கொட்டியதும் அவருக்காக மரியாதையாக வாங்கி வந்த டீதான்.

வீட்டுக்கு வந்தவர் ஈரக் கீபோர்டை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துத் தீர்த்துவிட வேண்டும் என்றுதான் மனைவி வந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க?" என்றாள்.

கழற்றினாள், கழுவினாள், விசிறிக்கடியில் காயவைத்தாள். வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. மாட்டி முடித்து, காதைச் சாய்த்து ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"ஏங்க, இந்த ஜி கொஞ்சம் இறுக்கமா இருக்குல்ல?"

அவர் நிமிர்ந்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மனைவியை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் கீபோர்டை பம்ப் ஹவுஸிலேயே விட்டுவிட்டு வந்தார். கெட்டால் சரிசெய்ய வீட்டில் ஆள் இருக்கும் தைரியமாக இருக்கலாம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டுகிறார்கள். 'எம்' சோர்வாக இருக்கிறதா சோம்பலாக இருக்கிறதா என்று வாக்குவாதம் வேறு. போன மாதம் மனைவி தன் பங்குக்கு இரண்டு கீபோர்டுகள் வாங்கி வந்தாள்.

மகள் விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள்.