அப்பாவைக் குளிக்க வார்க்க ஓரிடம்

பள்ளிக்கூட கேற்றைத் தாண்டியபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாதான் பார்த்தார். கையை ஆட்டி, "வாறம்" என்று யாருக்கோ சொன்னார். ஒருவரும் பதிலுக்குக் கை காட்டவில்லை.

சைக்கிள் கரியரில் தலையணை வைத்து, அதன்மேல் அப்பாவை இருத்தி, இடுப்பைத் துவாயால் சீற்றோடு கட்டியிருந்தேன். நான் உருட்டினேன். எங்கே? சண்டிலிப்பாய்க்கு. அங்கே யார்? முன்பு நான் கொஞ்ச நாள் கூலிக்கு நின்ற தோட்டக்காரர் இருக்கிறார். எங்களை உள்ளே விடுவாரா? தெரியாது.

போன கிழமை நடந்தது இது. இந்தப் பத்திரிகைப் பத்தியை வழக்கமாக வாசிக்கிற உங்களுக்கு, நான் இடம் மாறுவது ஒரு புதினமே இல்லை. ஆனால் இதுவரைக்கும் தனியாகத்தான் மாறினேன்.

குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபிறகு எங்கள் ஒழுங்கை முழுவதும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. ஒரு வகுப்பறையின் மூலையில் அக்கா, அக்காவின் பிள்ளைகள், அப்பா. அப்பாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது. நினைவிலிருந்து பிள்ளைகளின் பெயர் போய்விட்டது, சாப்பிட்டது போய்விட்டது... அதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்றுதான். அவர் குளிக்கமாட்டார்.

ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினால் போதும் — "கவிழுது! வள்ளம் கவிழுது! பிடியடா!" என்று கத்தி, கையில் பிடிபட்டதை இறுக்கிப் பிடிப்பார். பிடிபடுவது அநேகமாக என் தலைமயிர். ஆயுள் முழுக்கக் கடலில் மீன்பிடித்துக் கிடந்த மனுசனுக்கு மேலிருந்து விழும் தண்ணீர் என்றால் என்ன? அலைதானே.

அக்காவும் முயன்று பார்த்தாள். சாறத்தைக் களைய அவள் கை வைத்தால் அப்பா, செத்துப்போன எங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

"நான் பெத்ததுகளைக் கழுவினனான்ரா. என்னைப் பெத்தவரைக் கழுவ என்னாலை ஏலாது."

அவளை எப்படிக் குறை சொல்வது?

சவர்க்காரம் கண்ணால் காண முடியாத சாமானாகிவிட்டது. பனம்பழக் காலத்தில் பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தோம். கொடியில் காய்ந்த அப்பாவின் சாறத்தை மாடு வந்து ருசித்துச் சப்பியது. இப்போது பனம்பழமும் இல்லை. அப்பாவின் தொடை இடுக்கில் தோல் உரிந்துவிட்டது. இடுப்பில் ஒரு புண். அதில் இலையான் குந்தும். நான் விசிறுவேன். எழும்பும். பிறகும் குந்தும். புழு வைத்துவிட்டால்? எனக்கு நித்திரை போனது அதனால்தான், ஷெல்லால் அல்ல. மருந்துக்குப் போன இடத்தில், "மருந்து இல்லை. நல்லாக் கழுவிச் சுத்தமா வைச்சிருங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

கழுவி!

கடைசியில் பள்ளிக்கூடத்துப் பொறுப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, குழந்தைப்பிள்ளையள் படுக்கிற இடம். மணத்திலை ஒருத்தரும் சாப்பிடினமில்லை. ஒண்டில் அவரைக் குளிக்க வார்த்துவிடும். இல்லாட்டி வேறை இடம் பாரும்."

நியாயம்தான். நியாயத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அக்காவையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, அப்பாவிடம் "கடலுக்குப் போவம்" என்று சொன்னேன். உடனே சைக்கிளில் ஏறினார்.

வழி முழுக்கக் கதை.

"காத்து என்ன மாதிரி?"

"வாடை, அப்பா."

"வாடைக்கு எதிரா ஆரடா பாய் கட்டுவான்? விசரா?"

கொஞ்சத் தூரம் போனபிறகு, "தம்பி, நீ ஆரின்ரை பெடியன்?"

"சூசைப்பிள்ளையின்ரை." அப்பாவின் பெயரைத்தான் சொன்னேன்.

"அவன்ரை பெடியனோ! ஓரிடத்திலையும் நிக்கமாட்டானாமே. தேப்பன் பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முழுதாக வரவில்லை. தலையணையில் ஈரம் பரவியிருந்தது. அந்த ஈரம் புண்ணில் படுகிறதே என்று பார்த்துக்கொண்டே உருட்டினேன்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தோட்டக்காரர் நடராசா அண்ணை கிணற்றுத் துலாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் இல்லை; இறைக்கிற மெசினைச் சாக்கால் மூடிவிட்டுப் பழைய துலாவைத் திரும்பக் கட்டியிருந்தார். அவர் துலாமரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மனைவி பூமணியக்கா கிணற்றடியில் நின்று வாளி பிடிக்க, அப்படித்தான் புகையிலைக்குத் தண்ணீர் போகிறது.

"எட, நீயே? உயிரோடைதான் இருக்கிறியா?"

அப்பாவை அவிழ்த்து இறக்கி, வேலியோரம் இருத்தினேன். விசயத்தைச் சொன்னேன். புகையிலைக் கொட்டில் சும்மாதானே கிடக்கிறது, ஒரு மூலை தந்தால்...

"மூலை தரலாம். ஆனால் நீ நிக்கிற ஆளில்லையே. போனமுறை புகையிலை வெட்டும் மட்டும் நிப்பன் எண்டனி. கண்டுகளை நட்ட கையோடை மாறியிட்டாய். மிதிக்க வந்த பெடியனும் இப்ப போயிட்டான். வாறதும் போறதுமா இருந்தால் நான் ஆரை நம்பித் தோட்டம் செய்யிறது?"

நான் வேலியோரம் பார்த்தேன். அப்பா இல்லை.

தோட்டக் கிணற்றுக்குச் சுற்றுக் கட்டு இல்லை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நிலத்தோடு நிலமாய் வாய் திறந்து கிடக்கும். எப்படி ஓடினேன் என்று தெரியாது. விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது — கடைசி வாளி கிளப்பிய ஆட்டமா, வேறேதுமா? "அப்பா!" என்று கத்தினேன். கிணறு என் குரலையே எனக்குத் திருப்பித் தந்தது. நடராசா அண்ணை கயிற்றை எடுத்துவிட்டார்.

அப்போது புகையிலைப் பக்கமிருந்து பூமணியக்காவின் சத்தம்.

"ஐயோ! ஆரிது வாய்க்காலுக்கை? இஞ்சேருங்கோ, ஓடியாங்கோ!"

ஓடினோம்.

அப்பா வாய்க்காலில் இருந்தார். சாறம் கரையில். கணுக்காலளவு தண்ணீர் அவரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து கரையேறிய மீன்பிடிகாரன் காலைக் கழுவுவதுபோல முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு தொடை என்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தேய்த்தார். பிறகு நன்றாகச் சம்மணமிட்டு இருந்தார். உரிந்த இடத்தில் தண்ணீர் பட்டது. முகம் சுளித்தார். எழும்பவில்லை. கத்தவும் இல்லை. கடைசியில் ஒரு கை தண்ணீர் எடுத்து முகத்தில் பூசிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

தலைக்கு வரவே இல்லை.

நாங்கள் இத்தனை கிழமையாய் எங்கிருந்து தொடங்கினோம்? தலையிலிருந்து. காலிலிருந்து தொடங்கலாம் என்று அக்காவுக்கோ எனக்கோ ஏன் தோன்றவில்லை? எல்லாரும் குளிப்பது அப்படித்தானே என்று வாளியைத் தூக்கினோம். நான் கரையில் குந்தினேன்.

பூமணியக்கா மூக்கைச் சேலையால் பொத்தியிருந்தார். "குருநகர் ஆக்கள் மீனோடை வருவினமெண்டு கேள்விப்பட்டனான். உப்பிடியும் வருவினமே?"

"விடும்" என்றார் நடராசா அண்ணை. "தண்ணி போறது வெங்காயத்துக்கே? புகையிலைக்குத்தானே. சுருட்டுப் பத்திறவன் மணந்து பாத்தே பத்தப்போறான்?"

"உங்களுக்குப் பகிடி. நாளைக்கும் உந்த மனுசன் வந்து குந்தினால்?"

"நாளைக்கும் குந்த வேணும் அக்கா" என்றேன். "நாளாண்டைக்கும். புண் ஆறும் மட்டும்."

பூமணியக்கா அப்பாவையே பார்த்தார். அப்பா அவரைப் பார்த்துத் தலையாட்டி, "தண்ணி வத்துது பிள்ளை, கெதியா வள்ளத்தைத் தள்ளு" என்றார். பூமணியக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"எனக்குக் குனிஞ்சு வாளி பிடிச்சு நாரி முறியுது" என்று புருசனிடம் திரும்பினார். "உவன் மிதிக்கட்டும். நீங்கள் வாளியைப் பிடியுங்கோ. நான் பாத்திக்குத் தண்ணி திறந்துவிடுறன். கிழவர் அந்தப் புகையிலை வாய்க்காலிலை இருக்கட்டும். வெங்காயப் பக்கம் கால் வைச்சால் இரண்டு பேரையும் அனுப்பிப்போடுவன், சொல்லிப்போட்டன்."

நடராசா அண்ணை என்னைப் பார்த்தார். "புகையிலை வெட்டும் மட்டும் நிப்பியோ?"

"நிப்பன்."

"போனமுறையும் இதைத்தான் சொன்னனி."

நான் அப்பாவின் முதுகைத் துவாயால் துடைக்கத் தொடங்கினேன்.

அடுத்தநாள் விடிய துலாவில் ஏறினேன். கிணற்றுப் பக்கம் நடந்தால் வாளி இறங்கும். திரும்பி மறுபக்கம் நடந்தால் வாளி நிரம்பி ஏறும். வாளி இறங்கும்போது வாய்க்காலில் இருக்கும் அப்பா எனக்கு முன்னால் தெரிகிறார். வாளி ஏறும்போது அவர் என் முதுகுக்குப் பின்னால். நிரம்பிய வாளி தொங்கும்போது மிதிக்கிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது — கால் தவறினால் கீழே நிற்கிற மனுசனுக்கு ஆபத்து. பக்கத்தில் அந்த வாய் திறந்த கிணறு வேறு. பூமணியக்கா ஒரு கண் வைத்திருப்பதாகச் சொன்னார். ஆனால் அவருக்கும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு முறை முதுகு காட்டும்போதும், "அப்பா!" என்று கத்துகிறேன்.

"ஓம், ஆரது?" என்று பின்னாலிருந்து சத்தம் வரும்.

ஆரென்று தெரியாவிட்டால் என்ன... அந்தச் சத்தம் வந்தபிறகுதான் அடுத்த அடி வைக்கிறேன்.