உடை மரத்தடி மருந்துப் பொதி

வயலில் பாம்பை மிதித்தும் பதறாத மனுசன் என்று சிவசுப்பிரமணியத்தைத் திருக்கேதீஸ்வரத்துக்கு அப்பாலுள்ள வயல் ஊர்களில் சொல்வார்கள். அப்படிப்பட்டவரைத்தான் ஒரு பிளாஸ்டிக் அட்டை நடுங்க வைத்தது.

சண்டை முடிந்து, அகதி முகாமில் இருந்து ஊர் திரும்பித் தகரக் கொட்டிலில் குடியேறியிருந்த காலம். வவுனியாவில் படிப்பிக்கும் மகள் யதுர்சிகா அந்த வங்கி அட்டையை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

"மடியில காசைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில போகாதேங்கோ அப்பா. அம்மாவின்ர மருந்துக்கு இதைக் குடுத்தாக் காணும்."

மனைவி இந்திராதேவிக்கு முட்டு வருத்தம். இழுக்கத் தொடங்கினால் வாயில் பம்ப் அடித்தால்தான் மூச்சு வரும். பம்ப் முடிந்துவிட்டது. சிவசுப்பிரமணியம் மன்னார் டவுனுக்குப் போய், பாமசியில் அட்டையை நீட்டினார். பம்ப் கைக்கு வந்தது. அப்பாடா என்று படியிறங்க, சட்டைப்பைக்குள் போன் கிணுங்கியது. ஆங்கிலச் செய்தி. எழுத்துக் கூட்டி வாசித்தார். பாமசியின் பெயரும் நேரமும் அதில் இருந்தன.

சுற்றுமுற்றும் பார்த்தார். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறான்!

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சண்டைக் காலத்தில் மருந்தும் பற்றரியும் சோதனைச் சாவடி தாண்டக் கூடாது. யார் என்ன வாங்கினான் என்று தெரிந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். போன சிலர் இன்னும் வரவில்லை. அதனால் சனம் சாவடிக்கு முந்திய பஸ் தரிப்பில் இறங்கி, உடை மரத்தடி மணலில் பொதியைத் தாட்டுவிட்டு, வெறுங்கையோடு சோதனைக்குப் போகும். பிறகு பதுங்கி வந்து கிளறி எடுக்கும்.

சாவடி இருந்த சந்தியில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கென்று பார்த்து, ஆமி ட்ரக் ஒன்று காற்றுப்போன சில்லோடு அங்கே நின்றது. திரும்பி வரும் பஸ்ஸில் இருந்து சிவசுப்பிரமணியம் தூரத்திலேயே கண்டுவிட்டார்.

"இறக்கம்!" என்று கத்தினார்.

வெறுங்கையோடு வந்து நின்றவரை இந்திராதேவி கதவைப் பிடித்தபடி பார்த்தாள். நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் நகத்துக்குள் இருந்த மணலையும் பார்த்தாள். ஏசவில்லை.

"எங்க தாட்டனீங்கள்?"

"பழைய இடத்திலதான். நீர் இரும், நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம். தனிய ஆம்பிளை போனாச் சந்தேகப்படுவினம். நானும் வாறன்."

நின்று நின்று மூச்சு வாங்கி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியிலேயே போய்விடுவாளோ என்று அவர் செத்துப் பிழைத்தார். ட்ரக் போய்விட்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் மணலைக் கிளறினார். பம்ப்பை அவள் வாயில் வைத்து அடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. கிழவர் விம்மி அழுதுவிட்டார்.

அப்போது பார்த்துப் போன் மறுபடி கிணுங்கியது. இரண்டு பேரும் அப்படியே மரத்தோடு ஒட்டிக் குந்திவிட்டார்கள். அது வங்கி அனுப்பிய பொங்கல் வாழ்த்து என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இந்திராதேவி றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குழியைக் காட்டினாள்.

"அந்தப் போனை இதுக்குள்ள வையுங்கோ. அட்டையையும்."

அவர் வைத்தார். அவள் மணலைத் தள்ளி மூடினாள்.