ஆணியில் மாட்டிய பித்தளை வில்லை

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். எங்கள் சுரங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்து மறைந்த நர்ஸ் சரோஜா அக்காவை என்னைவிட அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது பூக்காரம்மா, "உங்க நர்ஸம்மா பூட்டாங்களாம்மா" என்றார். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம்: இனி அண்ணன் மாத்திரை போடுவானா?

சுரங்கத்தில் இறங்குகிறவர் டோக்கன் என்னும் பித்தளை வில்லையை எடுத்துப் போவார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வந்ததும் பலகையில் தன் ஆணியில் மாட்டுவார். ஆணி காலியென்றால் ஆள் இன்னும் கீழே. சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த என் அண்ணன் முனிரத்தினத்துக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது, வீட்டில் உட்கார்ந்துகொண்டே, "நான் கீழதான் கீறேன், யாரும் கேஜ் அனுப்பல" என்பான். ஸ்கிசோஃப்ரினியா என்றார் டாக்டர். மாத்திரையை அண்ணன் துப்பினான்.

அக்கா ஆஸ்பத்திரியில் தன் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து, அவன் கையில் ஒரு பழைய வில்லையைக் கொடுத்தார். "மாத்திரையைப் போட்டுக்கினு டோக்கனை மாட்டு. மேல வந்துட்டேன்னு அர்த்தம்." மூன்றாம் நாள் அண்ணன், "கேஜ் இன்னிக்கு லேட்டு நர்ஸம்மா" என்று சிரித்தான். காலையில் மாட்டுவான், மாலையில் எடுத்துப் போவான்.

குரல்கள் அடங்கின. ஆனால் கை நடுங்கியது, கால் இழுத்தது. நோய் உடம்பில் இறங்கிவிட்டதென்று அம்மா அவனை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சில நாட்களில் குரல்கள் திரும்பின. அக்கா வீட்டுக்கே வந்தார்.

"புள்ள மரக்கட்டையாட்டம் நடக்கறான். பாத்துக்கினு இருக்கச் சொல்றியா?" என்றார் அம்மா.

அக்கா கோபப்படவில்லை. "மூளையில டோபமைன்னு ஒண்ணு பல பாதைல ஓடுதும்மா. அது நுழையற கதவை இந்த மாத்திரை சாத்துது. குரல் கேக்கற பக்கம் சாத்தினா நல்லது. கை கால் பக்கமும் சேத்து சாத்திக்கிச்சு. டாக்டருங்க இப்போ அப்படித்தான் நெனைக்கறாங்க. நோய் ஏறல, அளவைக் குறைச்சா போதும்."

பி.எஸ்ஸி. முடித்திருந்த நான், கேள்வி கேட்க வெட்கப்பட்டுக் கதவோரம் நின்றேன். அம்மாதான் கேட்டார்: "அப்போ நான் வளத்த வளப்புல தப்பு இல்லியா?"

"அந்தக் கதவுங்க இன்னா உன் கையிலயா இருந்திச்சு? போய் சோறு துன்னு."

பல மாதங்களுக்குப் பிறகு அம்மா அன்று வயிறாரச் சாப்பிட்டார். டாக்டர் அளவைக் குறைத்தார். அண்ணன் இப்போது சுரங்கத்தின் மேல்தளத்தில், இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுக்கும் அறையில் வேலை செய்கிறான்.

அடக்கத்துக்கு மறுநாள் காலை அவன் பின்னாலேயே போனேன். புது நர்ஸிடம் மாத்திரை வாங்கி விழுங்கினான். வில்லையை மாட்டினான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எங்கள்மேல் பழி போடாத அந்தக் குரலை நான் வைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளையடிக்கப் போகிறீர்களாம். அந்த ஆணியை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்.