நசுக்காமல் விட்ட ஒன்பது கோதுகள்

வைலே என்ற டேனிஷ் நகரத்தில் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் தமிழர் இரண்டே பேர்தான், நானும் என் நண்பரும். ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள். சுடுவதைவிட, சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைச் சீர்செய்து மறுபடி தோட்டா கட்டுவதில்தான் எங்களுக்கு விருப்பம் அதிகம்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்த ரெண்டு கிழவர், கரேஜுக்குள்ள இருந்து கோது மினுக்குறியள். குத்துவிளக்கு கறுத்துப்போய்க் கிடக்கு," என்பாள் மனைவி.

கோது என் பொறுப்பு. வெடிமருந்தை நிறுத்து நிரப்புவது அவர் பொறுப்பு.

கழுவிக் காயவைத்து, மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரை அடியிலிருந்து தட்டி எடுத்து, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டுபோன வாயை வெட்டி விளிம்பைச் சீவுவேன். கடைசியாக நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிப்பக்கச் சுவரைத் தடவிப் பார்ப்பேன். பலமுறை சுட்ட கோது அந்த இடத்தில் மெலிந்திருக்கும். கம்பி ஒரு பள்ளத்தில் தடக்கும். தடக்கினால் அதன் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் எறிய வேண்டும். நசுங்கியதை யாரும் தவறியும் எடுக்க முடியாது. கிளப்பில் முதல் நாளே சொல்லித் தந்த விஷயம் இது.

ஒரு நாள் ஒன்பது கோதுகளில் கம்பி தடக்கியது. நான் நசுக்கவில்லை. குறடு மேல் தட்டில் இருந்தது, எழும்பச் சோம்பல் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். பின்னேரம் முழுவதும் மினுக்கியவை, கெடுக்க மனம் வரவில்லை. ஒரு பெட்டியில் போட்டு மேசையிலேயே வைத்தேன். அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல். நண்பர் வந்து, தயாரானவற்றோடு அந்தப் பெட்டியையும் எடுத்துப் போய் மருந்து நிரப்பினார்.

சனிக்கிழமை கிளப்பில் அவருக்கு அடுத்த பாயில் சுடுவதற்காகக் குப்புறப் படுத்திருந்தேன். வழக்கமில்லாத ஒரு சத்தம். கோது அடியில் அறுந்து, சூடான புகையும் பித்தளைத் துகளும் பின்பக்கமாக வந்தன. அவருடைய பாதுகாப்புக் கண்ணாடி மூக்கில் சரிந்து கிடந்தது. வலது கண் போயிற்று.

மருந்து கூடியிருக்கும் என்றார்கள் கிளப்பில். மிச்சத் தோட்டாக்களைப் பிரித்து அழிக்கும்படி என்னிடமே தந்தார்கள். பிரித்தேன். எட்டுக் கோதுகளில் கம்பி தடக்கியது. மருந்தையும் நிறுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் பிசகில்லை. எட்டையும் நசுக்கினேன். அப்போது மனம் ஒன்றும் உறுத்தவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னார்: "என்ர கைதான் பிழைச்சுப்போச்சு, அண்ணை. ரெண்டு தரம் கொட்டிட்டன் போல."

"அதை விடும். இப்ப ஒண்டும் யோசியாதையும்," என்றேன்.

மூன்று வருடங்கள் அவ்வளவோடு விட்டேன். அவர் டோஸ்ட்ருப்பில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தன் மாத்திரையைக்கூடத் தானே எண்ணி எடுப்பதில்லை, கையை நம்ப முடியவில்லை என்கிறார் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். அடுத்த கிழமை ரயிலேறிப் போனேன்.

தேத்தண்ணி வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் நிறுத்தது சரியோ?"

"சரி. ஒவ்வொண்டும் சரி."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அந்தக் கிழமையே தெரியும்."

மகள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த குசினிப் பக்கம் அவர் திரும்பினார். "பிள்ளை, இஞ்ச ஒருக்கா வா. அண்ணை, இவளுக்கும் சொல்லுங்கோ."

திரும்பவும் சொன்னேன். மகள் டேனிஷில் கேள்வி கேட்டாள். நானும் டேனிஷில் பதில் சொன்னேன். அந்த மொழியில் சுற்றிவளைத்துப் பேச எனக்குத் தெரியாது. நான் நசுக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. மூன்று சிறிய வாக்கியங்களில் முடிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

அவர் எழுந்து, இடது கையால் சுவரைத் தொட்டபடி அறைக்குள் போனார். திரும்பி வரவில்லை. மகள் என் கோட்டை எடுத்து வந்து தந்தாள்.